ஒலிம்பிக் மலையில மூணு நாள் லூப்: முதல் தடவை மூட்டை தூக்குறவங்களுக்கு

சியாட்டில் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஒலிம்பிக் நேஷனல் பார்க்குக்கு போவாங்க, ஹோ மழைக்காட்டுல பாசி தொங்குற மேப்பிள் மரத்துக்கு கீழ நின்னு போட்டோ எடுப்பாங்க, சாயங்காலமே ஃபெரி பிடிச்சு வீட்டுக்கு வந்துடுவாங்க. அதுவும் அழகுதான். ஆனா காலையில ஈரக்காட்டுக்குள்ள நடக்க ஆரம்பிச்சு, ராத்திரி ஏரிக்கரையில தூங்கி, மறுநாள் மரமே இல்லாத மலைமுகட்டுல நின்னு எதிர்ல பனிப்பாறைய பார்க்குறது இருக்கே, அத ஒரு தடவையாவது எல்லாரும் பண்ணணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் சொல்லப்போறது ஹை டிவைட் லூப். சால் டக் டிரெய்ல்ஹெட்ல கிளம்பி சுத்தி அதே இடத்துக்கு வந்து சேரும், மொத்தம் 18, 19 மைல். கிளம்புற இடம் சுமார் 1,900 அடி உயரம், மேல பொகச்சீல் பீக் 5,474 அடி. கால் பழகினவங்க ஒரே நாள்ல ஓடி முடிச்சுடுவாங்க, நாம மூணு நாள் எடுத்துக்கலாம்.

முதல்ல எங்க தூங்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க

பொருள் வாங்குறது, லீவு போடுறது எல்லாம் அப்புறம். இந்த லூப்ல ஒவ்வொரு ராத்திரியும் எந்த இடத்துல தங்குறீங்கன்னு பெர்மிட்லயே எழுதியிருக்கும், இஷ்டப்பட்ட இடத்துல டென்ட் போட முடியாது, ஒரு ராத்திரிக்கு இத்தனை பேர்தான்னு கணக்கும் உண்டு. அதனால தூங்குற இடம் முடிவாச்சுன்னா பாதி பிளான் முடிஞ்ச மாதிரி.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் தடவை காலியா இருந்த இடம் எதுவோ அத கிளிக் பண்ணிட்டேன், ஹார்ட் லேக், முதல் ராத்திரியே. மேப்ல பார்த்தா விரல் அளவு தூரம். நடந்தா 11 மைல், அதுல பாதிக்கு மேல ஏத்தம், முதுகுல முழு சாப்பாடு. கூட வந்த ஃபிரெண்டுக்கு மதியமே முட்டி வலி வந்துடுச்சு, முகட்டுக்கு நாங்க வந்தப்போ சூரியன் இறங்கிடுச்சு, எதுக்காக அவ்வளவு தூரம் வந்தோமோ அந்த மவுன்ட் ஒலிம்பஸ் மலைய பார்க்கக்கூட நிக்காம ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு இறங்கினோம். இன்னைக்கும் மனசு கேக்கல.

புதுசா போறவங்களுக்கு நான் சொல்ற கணக்கு இதுதான்: முதல் ராத்திரி டீர் லேக் (4 மைல்), ரெண்டாவது ராத்திரி ஹார்ட் லேக் (சுமார் 7 மைல்), மூணாவது நாள் ஆத்தோரமா இறக்கம் (8 மைல்). டீர் லேக் கிடைக்கலன்னா செவன் லேக்ஸ் பேசின்ல இருக்குற லன்ச் லேக் பாருங்க, ஆனா அதுக்கு முதல் நாளே 8 மைல் நடக்கணும், கடைசில மெயின் பாதையிலிருந்து பள்ளத்துக்குள்ள இறங்கி மறுநாள் காலையில அதே ஏத்தத்த திரும்ப ஏறணும். ஏரி அவ்வளவு அழகு, பட்ட கஷ்டத்துக்கு வட்டியோட கிடைக்கும், இருந்தாலும் முதல் தடவைக்கு டீர் லேக்தான் என் ஓட்டு.

எப்போ போறது

ஆகஸ்ட் கடைசி வாரத்துலேர்ந்து செப்டம்பர் நடு வரைக்கும். ஜூலைல போனா வடக்கு பார்த்த சரிவுகள்ல பனி அப்படியே கிடக்கும், கொசு பிடுங்கி எடுத்துடும். ஆகஸ்ட் முடியுறப்போ பனி பெரும்பாலும் கரைஞ்சிருக்கும், கொசு குறைஞ்சிருக்கும், முகட்டோட ரெண்டு பக்கமும் ஹக்கிள்பெரி பழுத்து இலையெல்லாம் சிவக்க ஆரம்பிச்சிருக்கும். ரெண்டு விஷயம் மட்டும் கவனிக்கணும். ஒண்ணு காட்டுத்தீ புகை, கிளம்புறதுக்கு முந்தின நாள் காத்து எப்படி இருக்குன்னும் பார்க்ல ஏதாவது பாதை மூடியிருக்கான்னும் பாருங்க. இன்னொண்ணு பகல் வேகமா சுருங்கும், செப்டம்பர் நடுவுல ஏழரை மணிக்கெல்லாம் சூரியன் மறைஞ்சுடும்.

பெர்மிட்

ரிக்ரியேஷன் டாட் கவ் சைட்லதான் எடுக்கணும். கோடைக்கான புக்கிங் ஏப்ரல் நடுவுல திறக்கும், செவன் லேக்ஸ் பக்கம் வார இறுதியெல்லாம் சீக்கிரம் நிரம்பிடும், அதனால செவ்வாய் புதன்ல லீவு போட முடிஞ்சவங்களுக்கு அதிர்ஷ்டம். நான் எடுத்தப்போ ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 8 டாலர், மேல புக்கிங் சார்ஜ் 6 டாலர், பார்க் நுழைவுக்கு காருக்கு தனியா 30 டாலர். கட்டுறதுக்கு முன்னாடி இப்போ எவ்வளவுன்னு பார்த்துக்கங்க. இடம் கிடைக்கலன்னா விட்டுடாதீங்க, தினமும் ஒரு தடவை பாருங்க, கேன்சல் பண்றவங்க இருந்துக்கிட்டே இருப்பாங்க.

கரடி டப்பா

இந்த ஏரியாவுல சாப்பாட்ட பேர் கேனிஸ்டர்ல வச்சே ஆகணும், அது ரூல். நாங்க அத கரடி டப்பான்னுதான் சொல்லுவோம். கெட்டி பிளாஸ்டிக் டிரம், மூடிய திருகி பூட்டணும், காலியாவே ஒரு கிலோவுக்கு மேல இருக்கும். பெர்மிட் ஆபீஸ்லயும் கேம்பிங் கடைகள்லயும் கேட்டுப் பாருங்க, உடனே விலை கொடுத்து வாங்காதீங்க. இங்க இருக்குறது கருங்கரடி மட்டும்தான், க்ரிஸ்லிங்குற பெரிய பழுப்புக்கரடி கிடையாது. நம்ம சாப்பாட்ட ருசி பார்த்துட்ட கரடி மனுஷங்கள தேடி வர ஆரம்பிச்சுடும், கடைசில அது கரடியோட உயிருக்கே வினையா முடியும், அதனால இந்த ரூல்ல மட்டும் யாரும் சலுகை எடுத்துக்காதீங்க.

உள்ள என்ன போகணும்? வாசனை இருக்குற எல்லாம். சாப்பாடு மட்டும் இல்ல, டூத்பேஸ்ட், சன்ஸ்கிரீன், லிப் பாம், சாப்பிட்ட கவர், எல்லாமே. இடம் பத்தாதுன்னு தோணும், அடுக்குற விதத்துலதான் இருக்கு. நான் பண்றது இப்படி: வீட்டுலயே ரவைய வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, காஞ்ச மிளகாய் தாளிச்சு கலந்து உப்பு போட்டு ஆறவச்சு ஜிப் கவர்ல போட்டுடுவேன், அங்க தண்ணி கொதிக்கவச்சு கொட்டி கிளறினா அஞ்சு நிமிஷத்துல உப்புமா. அவல் இன்னும் சுலபம், சுடுதண்ணி ஊத்தி மூடி வச்சா போதும், மேல பருப்புப்பொடியும் கொஞ்சம் நெய்யும். கவர்ல இருக்குற காத்த முழுக்க அழுத்தி வெளிய எடுத்துட்டு தட்டையா ஒண்ணு மேல ஒண்ணா வைங்க, மூணாவது நாளுக்கு உள்ளது அடியில, நடுவுல இருக்குற பொந்துல வேர்க்கடலைய சொருகுங்க. முதல் நாள் மதியத்துக்கு புளிசாதம் கட்டிக்கிட்டா அது டப்பாக்குள்ள போக வேண்டியதே இல்ல, ராத்திரிக்கு முன்னாடி வயித்துக்குள்ள போயிடும். ராத்திரி டப்பாவ டென்ட்லேர்ந்து நூறு அடி தள்ளி, உருண்டு ஏரிக்குள்ள போகாத இடமா பார்த்து வைங்க.

3,500 அடிக்கு மேல விறகு மூட்டக்கூடாது, அதனால சின்ன கேஸ் ஸ்டவ் கட்டாயம். விமானத்துல வர்றவங்க கேஸ் குப்பிய எடுத்துட்டு வர முடியாது, பார்க்குக்கு பக்கத்துல இருக்குற போர்ட் ஏஞ்சலஸ் ஊர்ல வாங்கிக்கங்க.

துணி, தண்ணி, எடை

காட்டன் வேண்டவே வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். அங்க மழை நம்ம ஊர் மாதிரி கொட்டி ஓஞ்சு போறது இல்ல, பொடித்தூறலா மணிக்கணக்குல விழும், நனைஞ்ச காட்டன் காயவே காயாது, ராத்திரி 5 டிகிரி செல்சியஸ் கிட்ட போறப்போ உடம்புச் சூட்ட உறிஞ்சிடும். பாலியஸ்டர் இல்ல கம்பளி, மேல ஒரு ஜாக்கெட், அதுக்கு மேல மழைக்கோட்டு. ஸ்லீப்பிங் பேக்கயும் தூங்குறப்போ போடுற ஒரு செட் துணியயும் பெரிய குப்பைக் கவர்ல முறுக்கி கட்டிட்டு அப்புறம் பேக்குக்குள்ள வைங்க, வெளிய போடுற ரெயின் கவர மட்டும் நம்பாதீங்க.

தண்ணி ஏரிலயும் ஓடைலயும் கிடைக்கும், ஃபில்டர் பண்ணியோ கொதிக்கவச்சோதான் குடிக்கணும், எவ்வளவு தெளிவா இருந்தாலும். கோடை கடைசில முகட்டு மேல தண்ணியே இருக்காது, அதனால ரெண்டாவது நாள் காலையில டீர் லேக்ல ஆளுக்கு மூணு லிட்டர் நிரப்பிக்கிட்டு கிளம்புங்க.

மொத்த மூட்டை உங்க எடையில அஞ்சுல ஒரு பங்குக்குள்ள இருந்தா நல்லது. போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அதே மூட்டை, அதே ஷூவோட சியாட்டில் பக்கம் இருக்குற மவுன்ட் சை மலைய ஏறி இறங்கிப் பாருங்க. போக வர 8 மைல், 3,000 அடிக்கு மேல ஏத்தம். அத முடிச்சுட்டீங்கன்னா இதுவும் முடியும்.

நடக்குறப்போ

போன் சிக்னல் கிடையாது. மேப்ப டவுன்லோட் பண்ணிக்கங்க, பேப்பர் மேப்பும் ஒண்ணு வைங்க, எந்த ராத்திரி எங்க, எப்போ திரும்புவீங்கன்னு வீட்டுல எழுதி கொடுத்துட்டுப் போங்க.

டிரெய்ல்ஹெட்லேர்ந்து சால் டக் அருவி ஒரு மைல்கூட இல்ல. பாலத்த தாண்டி டீர் லேக் பக்கம் திரும்புற வரைக்கும் அவசரப்படாதீங்க, அந்தக் காடுதான் இந்த பயணத்தோட ஈரமான பாதி. விழுந்து கிடக்குற ஒரு பெரிய மரத்த தேடிப் பாருங்க, அதோட முதுகுல பாசி மெத்தை மாதிரி இருக்கும், அந்த பாசில விரல் உசரத்துல ஹெம்லாக் மரக்கன்னுங்க வரிசையா நிக்கும். கீழ தரையில வெளிச்சமும் இடமும் கிடைக்காத விதைங்க செத்த மரத்து மேல வேர் விட்டு, நாளாக நாளாக வேர அதச் சுத்தி கீழ இறக்கும், அந்த மரம் மக்கி மறைஞ்சப்புறமும் இதுங்க ஒரே நேர்கோட்டுல நிக்கும். பக்கத்துல வயசான மரங்க ஏன் யாரோ நூல் பிடிச்சு நட்ட மாதிரி இருக்குன்னு அப்போ புரியும்.

ரெண்டாவது நாள் முடிஞ்சவரைக்கும் விடியக்காலையிலயே கிளம்புங்க. பொகச்சீல் பீக்குக்கு மெயின் பாதையிலிருந்து சின்ன கிளைப்பாதை, விட்டுடாதீங்க. தெற்க பார்த்தா கீழ ஹோ பள்ளத்தாக்கு, கார்ல போய் போட்டோ எடுத்தோமே அதே மழைக்காடு, வருஷத்துக்கு சுமார் 140 இன்ச் மழை வாங்குற இடம், மேலேர்ந்து பச்சைக் கம்பளம் மாதிரி தெரியும். அதுக்கு எதிர்ல 7,980 அடி மவுன்ட் ஒலிம்பஸ், அதுலேர்ந்து வழியுற ப்ளூ கிளேசியர் பனிப்பாறை. ரெண்டும் ஒரே பார்வையில. கடல்லேர்ந்து வர்ற மேகம் இந்த மலையில முட்டித்தான் அவ்வளவு மழையும் கொட்டுது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற சீக்வம் ஊருக்கு 16 இன்ச்தான். அங்கயே உக்காந்து சாப்பிடுங்க.

ஹக்கிள்பெரி புதருக்குள்ள கரடி மேயுறது இந்த சீசன்ல சகஜம். பாதையில பேசிக்கிட்டே நடங்க, பார்த்தா நின்னு, தூரம் விட்டு, அது போற வரைக்கும் காத்திருங்க. மான்தான் உண்மையில தொல்லை, உப்புக்காக வேர்வை பட்ட பேக் பட்டையயும் வாக்கிங் ஸ்டிக் கைப்பிடியயும் மென்னு தின்னுடும், ராத்திரி பேக், ஸ்டிக் ரெண்டயும் டென்ட்டுக்குள்ள எடுத்துக்கங்க. ஒண்ணுக்கு போறதும் புல்லுல வேண்டாம், அந்த உப்புக்காக செடிய தோண்டிப் போட்டுடும், பாறை மேல போங்க.

மூணாவது நாள் ஹார்ட் லேக்லேர்ந்து இறங்குறப்போ முட்டிய பார்த்துக்கங்க, மூட்டை லேசா ஆனாலும் கால் களைச்சிருக்கும். குப்பை ஒண்ணு விடாம டப்பால திரும்ப வரட்டும். கார எடுத்து ரெண்டு மைல் வர்றதுக்குள்ள சால் டக் ஹாட் ஸ்பிரிங்ஸ் இருக்கு, பணம் கட்டி வெந்நீர் குளத்துல இறங்கலாம், மாத்துத்துணியும் துண்டும் முதல் நாளே கார்ல வச்சுட்டுப் போங்க.