மழலையர் வகுப்புத் திட்டம்: அறையில் தொடங்கிப் பாடத்துக்கு வருவது எப்படி?

3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் கேட்பது ஆண்டுப் பாடத்திட்டத்தைத்தான். நாமும் உடனே நிறங்கள், விலங்குகள், வாகனங்கள் என்று மாதத்துக்கு ஒரு தலைப்பை அடுக்க ஆரம்பித்துவிடுவோம். அந்தத் தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கையால் தொட்டுக் கற்பதுதான் அதிகம். அதனால் கைக்கு என்ன எட்டும் என்பதை முதலில் முடிவு செய்வோம். பாடம் அப்புறம்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கியபோது, பொருட்கள் எல்லாம் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஆசிரியை எடுத்துக் கொடுப்பார், திரும்ப வாங்கி வைப்பார். ஒருநாள் அவர் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். பூட்டிய பெரிய அலமாரி போய், பிள்ளைகளே எடுத்து வைக்கும்படி உயரம் குறைந்த அலமாரிகள் வந்தது அதன் பிறகுதான். நாம் செய்யப்போகும் பெரும்பாலான வேலை இந்த ஒரு மாற்றத்தின் நீட்சிதான்.

படி 1: ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். 'நன்றாக விளையாடினாள்' என்ற குறிப்பு எதற்கும் பயன்படாது. 'கட்டைகளை உயரமாக அடுக்கினாள். சரிந்ததும் அகலமான கட்டையை அடியில் வைத்தாள்' என்று எழுதினால் அடுத்த வாரத்துக்கு என்ன கொடுக்கலாம் என்பது அதிலேயே இருக்கிறது.

யார் யாரோடு எப்படி விளையாடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்டன் 1932-இல் இதை வகைப்படுத்தினார்: தனியாக, வேடிக்கை பார்த்தபடி, அருகருகே, கலந்து, ஒன்றுகூடித் திட்டமிட்டு. மூன்று வயதில் அருகருகே விளையாடுவது மிகச் சகஜம். பக்கத்துப் பிள்ளை வைத்திருக்கும் அதே லாரிதான் தனக்கும் வேண்டும் என்று தோன்றும் வயது அது. ஆகவே அவர்களுக்குப் பத்து வகைப் பொம்மைகளில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, மூன்று வகையில் மும்மூன்று வாங்குவது மேல். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

படி 2: அறையை வரையுங்கள்

கட்டம் போட்ட தாளில் உங்களால் நகர்த்த முடியாதவற்றை முதலில் குறியுங்கள்: கதவு, ஜன்னல், குழாய், பிளக் பாயின்ட். மற்றதெல்லாம் இவற்றைச் சுற்றித்தான் அமையும். ஒவ்வொரு வகை விளையாட்டுக்கும் ஒதுக்கும் இடத்தை 'மூலை' என்போம். வண்ணம், தண்ணீர், களிமண் எல்லாம் குழாய் பக்கம். புத்தக மூலை வெளிச்சம் வரும் இடத்தில். கட்டை மூலையும் பாவனை விளையாட்டு (அம்மா, டாக்டர், கடைக்காரர் போல நடித்து விளையாடுவது) மூலையும் சத்தம் போடும் இடங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் புத்தக மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். கட்டை மூலை நடைபாதையில் இருக்கவே கூடாது. கட்டிய கோபுரத்தை ஒருவன் கடந்து போகும்போது தட்டிவிட்டால், அது அவன் குற்றமல்ல, வரைபடத்தின் குற்றம்.

அதே கண்ணோடு ஓட்டத்தையும் பாருங்கள். சுவரிலிருந்து சுவர்வரை நீளமாக வெற்றிடம் விட்டால் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். 'ஓடாதே' என்று நாள் முழுக்கச் சொல்வதற்குப் பதில் நடுவில் ஓர் அலமாரியைக் குறுக்கே போடுங்கள். தடுப்பாக வைக்கும் அலமாரி உங்கள் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. எங்கே நின்றாலும் எல்லாப் பிள்ளைகளும் கண்ணில் பட வேண்டும். சாய்ந்து விழாதபடி அதைச் சுவரோடோ தரையோடோ பொருத்திவிடுங்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் உரிம விதிகள் ஒரு பிள்ளைக்கு 35 சதுர அடி உள்ளிடம் கேட்கின்றன. 20 பிள்ளைகளுக்கு 700 சதுர அடி. உங்கள் அறை அதைவிடச் சிறியது என்றால் எல்லா மூலைகளையும் திணிக்க வேண்டாம். நான்கை நிலையாக வைத்து, ஐந்தாவதை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஆனால் விளையாட்டு இடங்களை, அதாவது எல்லா மூலைகளிலும் சேர்த்து எத்தனை பிள்ளைகள் விளையாட முடியும் என்பதை, எண்ணிப் பாருங்கள். 20 பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் 30 இடங்களாவது வேண்டும். சரியாக 20 இருந்தால், ஒரு பிள்ளை இடம் மாற நினைக்கும்போது போக இடம் இருக்காது.

சுவர்களைப் பற்றி: கடை சார்ட்டுகளால் நிரப்பிவிடாதீர்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 24 சிறுவர்களுக்கு அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறுமையான அறையிலும் மாறி மாறி அறிவியல் பாடம் நடத்தினார்கள். கவனம் சிதறிய நேரம் அலங்கார அறையில் 38.6 சதவீதம், வெறும் அறையில் 28.4 சதவீதம். கற்றதும் அலங்கார அறையில் குறைவாகவே இருந்தது. அதற்காகச் சுவரை மொட்டையாக விட வேண்டியதில்லை. கூடி உட்காரும் இடத்துக்கு எதிர்ச்சுவரை மட்டும் காலியாக வையுங்கள். மற்ற இடங்களில் பிள்ளைகள் வரைந்ததை அவர்கள் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். நம் கண் மட்டத்தில் ஒட்டினால் அது பெற்றோருக்காக ஒட்டியது.

முடித்ததும் தரையில் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மேசையின் கூர்முனை, தொங்கும் ஒயர், எட்டாத டப்பா எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். 3 வயதுக்குக் கீழே யாராவது வருவார்கள் என்றால், சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் புகுந்துவிடும் எந்தப் பொருளும் அறையில் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

படி 3: நாளின் வரிசை

நிமிடக் கணக்கைவிட வரிசை மாறாமல் இருப்பது முக்கியம். மணி பார்க்கத் தெரியாவிட்டாலும் 'கதைக்கு அப்புறம் வெளியே' என்பது பிள்ளைக்குத் தெரியும். கூடி உட்காரும் நேரம் 10 முதல் 15 நிமிடம் போதும். சுதந்திர விளையாட்டுக்கு ஒரே தொடர்ச்சியாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் கொடுங்கள். அரைமணியில் கலைத்தால், கட்டத் தொடங்கும்போதே அள்ளி வைக்கச் சொல்கிறோம் என்றாகும்.

ஹைஸ்கோப் என்ற அமெரிக்க மழலையர் கல்வி முறையில் இந்தச் சுதந்திர விளையாட்டு நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சின்னப் பேச்சு இருக்கும். 'எங்கே போகப் போகிறாய், என்ன செய்யப் போகிறாய்?' என்று முன்னால் கேட்பார்கள், 'என்ன செய்தாய்?' என்று பின்னால். செலவே இல்லாத மொழிப்பயிற்சி இது.

படி 4: இப்போது பாடம்

நோட்டைத் திறங்கள். பலரும் கை கழுவும் இடத்தில் நின்று தண்ணீரில் அளைந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரத் தலைப்பு கிடைத்துவிட்டது. 'தண்ணீர்' என்று மட்டும் எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள்: எது மிதக்கும், எது மூழ்கும்?

அடுத்து, பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பதை வினைச்சொல்லில் எழுதுங்கள். 'நீரைப் பற்றி அறிதல்' என்று எழுதினால் வெள்ளிக்கிழமை எதைப் பார்த்துச் சரிபார்ப்பீர்கள்? 'சிந்தாமல் ஊற்றுவார்கள்', 'நிறைய, பாதி, காலி என்ற சொற்களைப் பயன்படுத்துவார்கள்', 'போடும் முன் ஊகித்துச் சொல்வார்கள்' என்பவை கண்ணால் பார்க்கக்கூடியவை.

பிறகு மூலைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். நீர்த்தொட்டியில் பல அளவுக் குவளைகள், புனல், கல், இலை, கார்க், ஸ்பூன். கட்டை மூலையில் ஒரு நீலத்துணி. ஆறாகவும் கடலாகவும் அவர்களே ஆக்கிக்கொள்வார்கள். கலை மூலையில் ஈரத்தாளும் நீர்வண்ணமும். புத்தக மூலையில் மழை, மீன், படகு பற்றிய நான்கைந்து படப் புத்தகங்கள். எல்லா மூலையிலும் தண்ணீரைத் திணிக்க வேண்டாம். மூன்று நான்கு போதும்.

ஒரே பொருளில் இரண்டு மூன்று நிலைகள் இருக்கட்டும். சின்னவன் ஊற்றி மகிழ்வான். பெரியவள் ஜாடி நிறைய எத்தனை குவளை வேண்டும் என்று எண்ணுவாள். ஐந்தை நெருங்கியவர்கள் மிதந்தவை ஒரு தட்டு, மூழ்கியவை ஒரு தட்டு என்று பிரித்துப் படம் வரைவார்கள். தனித்தனிப் பாடம் எழுதும் சுமை உங்களுக்கும் குறையும்.

தொட்டி அருகே ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும், முடிந்ததும் காலி செய்துவிட வேண்டும். சில அங்குல நீரே சிறு பிள்ளைக்கு ஆபத்து.

படி 5: வாரக் கடைசியில் 20 நிமிடம்

நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எந்த மூலையில் கூட்டம் நெரிந்தது? எந்த மூலை காலியாகக் கிடந்தது? எந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு குறிப்புகூட இல்லை? கூட்டம் என்றால் அந்தப் பொருளை இரட்டிப்பாக்குங்கள் அல்லது மூலையை அகலப்படுத்துங்கள். காலி என்றால் உடனே எடுத்துவிடாமல் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். பல நேரம் இருட்டோ நெரிசலோதான் காரணமாக இருக்கும். அப்படியும் யாரும் வரவில்லை என்றால் பொருளை மாற்றுங்கள். குறிப்பில்லாத பிள்ளையின் பெயர் திங்கட்கிழமைப் பக்கத்தில் முதல் வரியாக இருக்கட்டும்.