சிரட்டைக் கார்பனில் சாயம் நிற்காதபோது

ரியாக்டிவ் சாயக் (பருத்தித் துணிக்குப் போடும் சாயம்) கழிவுநீர் கார்பன் ஃபில்டரைத் தாண்டியும் சிவப்பாகவே வந்தது. போட்டிருந்ததோ புதுத் தேங்காய்ச் சிரட்டைக் கார்பன், அயோடின் எண் 1000. கோளாறே அதில்தான். அயோடின் எண் காட்டுவது நுண்துளைகளை; சாய மூலக்கூறு பெரிது, அவற்றுக்குள் எளிதில் நுழையாது. சிரட்டைக் கார்பன் குடிநீருக்கு அருமை. சாயத்துக்கு, துளைகள் பெரிதாக உள்ள நிலக்கரி அல்லது மரக் கார்பன் வாங்குங்கள். பெரிய மூலக்கூறைப் பிடிக்கும் திறனைக் காட்டும் மெத்திலீன் நீல எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றுமுன் குடுவைச் சோதனை: 100 மி.லி. கழிவுநீரில் பொடித்த கார்பன் 0.05 முதல் 0.5 கிராம் வரை தனித்தனியாகப் போட்டு, இரண்டு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி நிறம் பார்க்க வேண்டும். பிஎச் 10-இல் ஒரு தடவை, 6-இல் ஒரு தடவை. காரத்தில் கார்பன் பரப்பு, சாயம் இரண்டுக்குமே எதிர்மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். அமிலம் விட்டு 6-க்கு இறக்கியதும் நிறம் நன்றாகப் பிடித்தது.

புதுக் கார்பனை ஒரு நாள் ஊறப்போட்டு, கறுப்புத் தூள் நிற்கும்வரை பேக்வாஷ் (கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவுதல்) செய்தேன். ஊறாவிட்டால் சிக்கிய காற்றால் தண்ணீர் ஒரே தடத்தில் ஓடிவிடும். 500 லிட்டர் கார்பன் படுகைக்கு மணிக்கு 1000 லிட்டர் ஓட்டம், அதாவது தண்ணீர் கார்பனில் தங்கும் நேரம் 30 நிமிடம். முன்னால் மணல் ஃபில்டர் கட்டாயம், பஞ்சுத்தூசி அடைத்துவிடும். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பு) மட்டும் இதில் குறையாது; அதற்கு ஆர்ஓதான்.