காலி கேஸின் ஹெட்ஸ்பேஸ்: அளப்பதில் நடக்கும் தவறுகள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் என் லேத் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். கையில் மாத்திரை டப்பா, அதில் அவருடைய 30-06 (தோட்டா அளவின் பெயர்) ரைஃபிளில் சுட்ட பத்து காலி கேஸ், அதாவது குண்டு போனபின் மிஞ்சும் பித்தளை உறை. அதில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்குவதற்காகத்தான் இந்த அளவெல்லாம். "அண்ணா, ஒரே கேஸை மூணு தடவை அளந்தா மூணு அளவு காட்டுதுங்க. வெர்னியர் போயிடுச்சா?"

வெர்னியர் நன்றாகத்தான் இருந்தது. கேஸின் அடியில் சுட்ட ப்ரைமர் (துப்பாக்கி ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அப்படியே இருந்தது.

நிறைய பேர் செய்யும் தவறு இது. சுட்ட ப்ரைமர் சில நேரம் அடிப்பாகத்தைவிட முடியளவு வெளியே நிற்கும். ஊசி குத்திய பள்ளத்தின் ஓரமும் மேடாகியிருக்கும். வெர்னியரின் ஜா (தாடை) அந்த மேட்டில் உட்கார்ந்தால் கேஸ் ஆடும், அளவும் ஆடும். சரி, ப்ரைமரை எடுத்துவிடலாம் என்று ரீசைஸ் டையில் (சுட்டு விரிந்த கேஸை அழுத்திச் சிறிதாக்கும் அச்சு) போட்டுத் தள்ளிவிடாதீர்கள். அதில் கேஸே சுருங்கிவிடும், அளக்க வேண்டிய அளவு போய்விடும். தனி ஊசியால்தான் தட்ட வேண்டும், அதுவும் சுட்ட ப்ரைமரை மட்டும். தட்டி எடுத்து, அடியில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவி, துடைத்துவிட்டு அளந்தோம். பத்து கேஸும் ஒரு தவ்வுக்குள் வந்து நின்றன. தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ.

அடுத்த குழப்பம், எதை அளக்கிறோம் என்பதே. தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) போய் முட்டி நிற்கும் இடத்துக்கும், அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். 30-06 முட்டுவது தோளில், அதாவது கேஸின் உடம்பு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவில். அந்தச் சரிவில் விட்டம் 0.375 அங்குலமாக இருக்கும் கோடு வரை, அடியிலிருந்து அளக்க வேண்டும். கேஸின் வாய் வரை அளப்பது ட்ரிம் செய்வதற்கான (வாயை வெட்டிச் சரிசெய்வதற்கான) நீளம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் நாட்டில் புழங்கும் .315 தோட்டாவுக்கு நிலைமையே வேறு. அது விளிம்பு வைத்த கேஸ், முட்டுவதும் விளிம்பில்தான். அங்கே விளிம்பின் தடிமன்தான் கணக்கு.

அப்புறம், அடுத்தவர் சொன்ன எண்ணை நம்புவது. கம்பேரட்டர் (தோள்வரை அளக்க வெர்னியரில் மாட்டும் துளையிட்ட துண்டு) துளையின் ஓரம் கொஞ்சம் உருண்டிருந்தாலே எண் மாறிவிடும். அவர் எண் அவர் கருவிக்கு, உங்கள் எண் உங்கள் கருவிக்கு. உங்கள் ரைஃபிளில் சுட்ட கேஸ்தான் உங்களுக்கு கேஜ். அதை வைத்து வெர்னியரை ஜீரோ செய்துவிட்டு, ரீசைஸ் செய்த கேஸ் எத்தனை தவ் குறைகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரே ஒரு கேஸை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு தடவை மட்டும் சுட்ட கேஸ் சேம்பர் முழுவதும் நிறைந்திருக்காது. இரண்டு மூன்று தடவை சுட்டவற்றில் நீளமானதை எடுங்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு. டையை, கேஸின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி, இன்னும் கால் சுற்று திருப்பிவிட்டு, அளக்காமலே நூறு கேஸ் அடித்துத் தள்ளுவது. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோள் இரண்டு தவ் பின்னால் போனால் போதும். ரொம்பத் தள்ளிவிட்டால், சுடும்போது கேஸின் முன்பாகம் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும், பின்பாகம் போல்ட் வரை இழுபடும். அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வரும். ஒரு நாள் அந்த இடத்தில் துண்டாகி, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்போது முதலில் கேஸ் நீண்டதுபோலக் காட்டும். உடம்பு நெருக்கப்படும்போது தோள் முன்னால் போகும், அதனால்தான். பயந்து டையை ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள். கால் சுற்றுகூட வேண்டாம், துளித் துளியாக இறக்கி ஒவ்வொரு தடவையும் அளங்கள்.

ஏற்காட்டுக் குளிரில் அளந்தது சேலத்து வெயிலில் மாறாதா என்றும் தம்பி கேட்டார். 20 டிகிரி வித்தியாசத்தில் 50 மி.மீ. பித்தளை 0.02 மி.மீ. போல நீளும். வெர்னியரின் எஃகும் கூடவே நீளும். மிஞ்சுவது ஒரு தவ்வில் மூன்றில் ஒரு பங்குதான், விட்டுவிடலாம். வெயிலில் காய்ந்த தோட்டாவில் மருந்தின் அழுத்தம் கூடுமே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

இதெல்லாம் தோட்டா தயாரிக்க உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இதற்குப் போதாது.

கிளம்பும் முன் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கிபோல வளைத்து, ஒவ்வொரு கேஸின் உள்ளேயும் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். எட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டில், அடிக்குக் கொஞ்சம் மேலே கொக்கி சட்டென்று பள்ளத்தில் மாட்டியது. வெளியே அதே இடத்தில் மெல்லிய பளபளப்பு வளையம். இரண்டையும் குறடால் நசுக்கி பித்தளைத் தூள் பெட்டியில் போட்டேன்.