லேசான கான்கிரீட்டும் ஜல்லியின் தாகமும்

எடை குறைந்த கான்கிரீட்டில் எதிர்பார்த்த பலம் வரவில்லை என்றால், பலரும் முதலில் சிமெண்டைத்தான் கூட்டுகிறார்கள். அதற்கு முன், பலம் பார்க்கும் சோதனையில் அழுத்தி நொறுக்கிய கியூபின் (கனசதுரக் கான்கிரீட் கட்டியின்) உடைந்த முகத்தைப் பாருங்கள். சாதாரண கான்கிரீட்டில் விரிசல் பெரும்பாலும் கருங்கல் ஜல்லியைச் சுற்றிக்கொண்டு போகும். இதிலோ கருங்கல்லுக்குப் பதில் ஜல்லியாகப் போடும் சுட்ட களிமண் உருண்டைகளே இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் பொடித் துளைகள் தெரியும். அப்படித் தெரிந்தால் தோற்றது சிமெண்ட் பசை அல்ல, ஜல்லி. இந்த நிலையில் சிமெண்டைக் கொட்டினால் எடையும் சூடும் சுருக்கமும் கூடும், பலம் அவ்வளவாகக் கூடாது. ஜல்லியின் அதிகபட்ச அளவை 20 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள். பெரிய உருண்டையைவிடச் சிறியது பொதுவாக உறுதியானது. உருண்டைகள் பிளக்காமல் முழுசாகக் கழன்று வந்திருந்தால் கதை வேறு: குறை பசையில். தண்ணீரைக் குறைப்பதும், கொஞ்சம் சிலிக்கா ஃபியூம் என்ற மிக நுண்ணிய சிலிக்காத் தூள் சேர்ப்பதும் அங்கேதான் உதவும்.

அடுத்தது தாகம். காய்ந்த உருண்டை ஒன்றைத் தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள், குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். இந்த வகை ஜல்லி ஒரு நாளில் தன் எடையில் 5 முதல் 25 சதவீதம் வரை தண்ணீரைக் குடிக்கக்கூடியது. காய்ந்தபடியே மிக்சரில் போட்டால் கலவைத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கலவை இறுகும், ஆள் இன்னொரு குடம் ஊற்றுவார். எவ்வளவு ஊற்றினோம் என்பதற்குக் கணக்கே இருக்காது. பம்ப் செய்தால் இன்னும் மோசம், அழுத்தத்தில் தண்ணீர் துளைகளுக்குள் ஏறி குழாய் அடைத்துக்கொள்ளும். முந்தைய நாளே ஊறவைத்து, மேல்தண்ணீரை வடியவிடுங்கள். வடியாமல் சொட்டச் சொட்டப் போடுவதும் தவறுதான், அந்தத் தண்ணீர் நீர்-சிமெண்ட் விகிதத்தில் சேர்ந்துவிடும். ஜல்லிக்குள் தங்கிய ஈரம் பிறகு மெல்லக் கசிந்து உள்ளிருந்தே க்யூரிங் செய்யும், அதாவது இறுகும் கான்கிரீட்டைக் காயாமல் ஈரமாக வைக்கும். அதை நம்பி மேலே தண்ணீர் விடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்லம்ப் (கூம்பு அச்சை எடுத்ததும் கலவை சரியும் அளவு) குறைவாகத் தெரிகிறதே என்று பதறவும் வேண்டாம். எடை குறைவு என்பதால் இந்தக் கலவை தானாக அதிகம் சரியாது. அப்புறம் கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர்: வழக்கமான கான்கிரீட்டில் ஜல்லி அடியில் தங்கும், இதில் மேலே மிதந்து வரும். ஒரே இடத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல், நெருக்கமான இடைவெளிகளில் சிறிது நேரம் மட்டும் இறக்கி எடுங்கள்.

லேசான கான்கிரீட்டின் மீள்தன்மைக் குணகம், அதாவது சுமையில் வளையாமல் நிற்கும் விறைப்பு, சாதாரண கான்கிரீட்டைவிடக் குறைவு. கியூப் பலம் ஒன்றே என்றாலும் ஸ்லாப் கூடுதலாகத் தொய்யும். வடிவமைப்பாளர் இதை மறந்தால் தளத்தில் யாரும் சரிசெய்ய முடியாது.

நுரைக் குமிழ்களைக் கலந்து எடையைக் குறைக்கும் நுரை கான்கிரீட் என்றால் நுரையைக் கடைசியில் சேர்த்து, கலந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் குமிழ்கள் உடையும். கொள்ளளவு தெரிந்த வாளி ஒன்றில் நிரப்பி எடை போட்டால், நுரை எவ்வளவு செத்திருக்கிறது என்பது ஊற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.