முதியோரின் அன்றாடச் செயற்பாடுகளை ஆராய்தல்: மட்டக்களப்புக் களத்துக்கான வழிகாட்டல்

தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சை) தொடர்பான ஆய்வில் முதன்மையாகக் கவனிக்கப்படுவது, ஒருவர் தாம் விரும்பும் வேலைகளை நாளாந்தம் எவ்வளவு செய்ய முடிகிறது என்பதே. 60 வயதைக் கடந்தோரை ஆராய்பவர், நெறிமுறை மீளாய்வுக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பின், கிராம உத்தியோகத்தரின் உதவியுடன் பங்கேற்பாளரைத் தேடலாம். முதியோர் சங்கக் கூட்டத்துக்கு வருவோரை மட்டும் சேர்த்தால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் வீட்டைவிட்டு வெளியேற இயலாதோர் விடுபட்டுப்போவர். ஆய்வு அதிகம் தேவைப்படுவதோ அவர்களுக்குத்தான்.

1965இல் வெளிவந்த பார்தெல் சுட்டெண் உண்ணல், குளித்தல், உடுத்தல் முதலான 10 செயல்களை 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. ஆயினும் திருவலையில் இருந்து தேங்காய் திருவ முடிகிறதா, கோயிலுக்குப் போய்வர முடிகிறதா என்று அது கேட்பதில்லை. ஆகவே கனடியத் தொழிற்பாட்டு அளவீட்டையும் (COPM) சேர்த்துக்கொள்வது நல்லது. அதில் முக்கியமான செயல்களைப் பங்கேற்பாளரே தெரிவுசெய்து, செயற்றிறனுக்கும் திருப்திக்கும் 1 முதல் 10 வரை புள்ளியிடுவார். சிகிச்சைக்குப் பின் 2 புள்ளிகளோ அதற்கு மேலோ உயர்ந்தால், அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்ளப்படுகிறது.

கேட்பதோடு நில்லாமல் பார்க்கவும் வேண்டும். "எல்லாத்தையும் நான்தான், மகள், செய்யிறன்" என்று சொல்லும் அம்மா, கிணற்றடியில் வாளியைப் பாதியளவே நிரப்பி, திண்ணையில் ஒருமுறை இருந்து இளைப்பாறியே குசினிக்கு வருவார். குறிப்பேட்டில் இரண்டையும் எழுதுக. நேர்காணலைக் காலையில் வைத்துக்கொள்க, ஏனெனில் நண்பகல் வெயிலில் களைப்பையும் இயலாமையையும் பிரித்தறிவது கடினம். கையொப்பமிட இயலாதோருக்குச் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி, சாட்சியின் முன்னிலையில் பெருவிரல் அடையாளம் பெறுக; பிள்ளைகளின் சம்மதம் அதற்கு ஈடாகாது.