பங்குனியில் காவிரிக்கரைப் பறவைகள்: பார்க்கவும் படமெடுக்கவும்

மாசி கடைசியில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் ஒடுங்கி மணல் திட்டுகள் தலைகாட்டும். மீன்கள் மடுக்களில் சேரும். பறவைகளும் அங்கேதான் கூடும்.

காவிரி கிழக்கே ஓடுவதால், விடிந்ததும் தென்கரையில் நின்று வடமேற்கே பார்த்தால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் மணல் சூடேறிக் கானல் நெளியத் தொடங்கும். அதன் ஊடே எடுத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் படம் மங்கல்தான். கேமராவைத் திட்டாமல் மூட்டை கட்டுங்கள்.

பார்க்க 8×42 பைனாகுலர் போதும். படத்துக்கு 400 எம்எம் லென்ஸ் நல்லது. அதை வீட்டிலேயே மாட்டிவிடுங்கள். மணல்வெளியில் கழற்றினால் சென்சாரில் தூசி ஒட்டும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியில் தொடங்கலாம். மடுவுக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்து நிற்கும், அதுவும் காற்றை எதிர்த்து. காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் அதன் முகம் கிடைக்கும். வெயிலும் காற்றும் ஒத்துவராத நாளில் வெயிலுக்கே முதலிடம். ஷட்டர் வேகம் 1/2500 நொடி, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஆட்டோஃபோகஸ், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் 3200 வரை. இருண்ட தண்ணீரைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளை இறகு விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, −0.7 குறையுங்கள். கொக்குக்கும், ஆற்றின் மேல் பறந்து மீன் பிடிக்கும் ஆற்று ஆலாவுக்கும் இதேதான். பாய்ச்சலை எடுப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். மீனோடு வந்து உட்காரும் கம்பைக் குறிவையுங்கள். பெரிய மீனைக் கம்பில் அடித்துத்தான் விழுங்கும், அதற்கு 1/1000 போதும்.

பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். அங்கேயே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கரைச்சரிவில் வளை தோண்டிக் கூடு வைப்பதால் சரிவின் விளிம்பில் நடக்காதீர்கள், மண் சரிந்து வளை அடைபடும்.

ஆட்காட்டியிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். வெறுந்தரையில் வழக்கமாக நான்கு முட்டை இடும். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். உச்சிவெயிலில் பெற்றோர் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் அங்கேயே நின்றால் அது நெருங்காது, முட்டை வெந்துபோகும். கூட்டைப் படமெடுப்பதே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. நீர்விளிம்பில் படுத்து எடுக்கும் ஆசையை அங்கே விட்டுவிட்டு, கரைமேலிருந்தே எடுங்கள்.