சுங்குடி முடிச்சு: முதல் நூறு புள்ளிகள்

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கும் சுங்குடி, மதுரை சௌராஷ்டிர மக்களின் கைவேலை. அதற்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் தொங்கும் சேலைகளில் பல, அச்சில் வந்தவை. கையால் முடிந்ததா என்று அறிய, துவைக்காத துணியில் புள்ளியைத் தடவிப் பாருங்கள். முடிந்த இடம் சிறு குமிழாக மேலெழுந்து சுருங்கியிருக்கும். புள்ளியின் நடுவில் பெரும்பாலும் ஒரு துளி சாயம் தெரியும். அச்சில் அந்தக் குமிழ் வராது.

பழகுவதற்குச் சேலை வேண்டாம். 45 செ.மீ. சதுரத்தில் மெல்லிய பருத்திக் கைக்குட்டை போதும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது. ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள்: காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி, உருகி உருண்டால் கலப்பு.

புதுத்துணியின் கஞ்சியைப் போக்க இரவு முழுக்க ஊறவைத்து, லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட் தூள்) கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் வேகவையுங்கள். அலசிக் காயவைத்தபின் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் மறுபடி வேகவையுங்கள்.

இனிப் புள்ளி வைப்பது. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ஓரத்தில் 4.5 செ.மீ. விட்டு, 4 செ.மீ. இடைவெளியில் 10 வரிசை நேர்ப்புள்ளி, வரிசைக்குப் பத்து. பென்சிலை அழுத்தாமல் தொட்டால் போதும்.

வேலையின் உயிர் முடிச்சில்தான் இருக்கிறது. இடதுகைப் பெருவிரல் நகத்தாலும் ஆட்காட்டி விரலாலும் புள்ளியைக் கிள்ளி, அரிசி மணி அளவுக்குத் துணியைத் தூக்குங்கள். வலதுகையால் நூலை அடியில் நான்கைந்து சுற்று ஒட்டினாற்போல் சுற்றி, கடைசிச் சுற்றை ஒரு கண்ணிக்குள் விட்டு இழுங்கள். நூலை வெட்டாமல் அடுத்த புள்ளிக்குப் போகலாம். இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் நூலைத் தளர்வாக விடுங்கள், இல்லையென்றால் துணி சுருண்டுகொள்ளும். முறுக்கேறிய பருத்தி நூல்தான் பிடிக்கும், பாலியஸ்டர் நூல் வழுக்கும்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒன்று: முதல் நாள் சாயத்தைக் கண்ணில் காட்டாதீர்கள். சாயம் வந்துவிட்டால் மாணவர் கவனம் முடிச்சில் நிற்காது. கிள்ளு வசப்படாதவர்களுக்குத் துணிக்கு அடியில் ஒரு பச்சைப்பயறு வைத்துச் சுற்றச் சொல்லுங்கள், கை பிடித்துக்கொள்ளும். முடிச்சை நகத்தால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி போட வேண்டும், தயவு காட்டக் கூடாது.

ஐந்து கைக்குட்டைகள் சேர்ந்து 100 கிராமுக்குள் இருக்கும். அதற்கு வெந்நீர் தேவைப்படாத ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிவினையில் பிணையும் சாயம்) 3 கிராம், தண்ணீர் 2 லிட்டர், உப்பு 100 கிராம், சோடா ஆஷ் 20 கிராம். பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. சாயப்பொடி மூச்சில் ஏறினால் கெடுதல். மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசமும் கையுறையும் போட்டுக் கரையுங்கள்.

முடிச்சுப் போட்ட துணியை முதலில் வெறும் தண்ணீரில் அரைமணி ஊறவையுங்கள். நூல் உப்பி இறுகும், சாயம் உள்ளே புகாது. இதைத் தவிர்த்தால்தான் புள்ளிகள் மங்கிப்போகின்றன. சாயத்தையும் உப்பையும் முழுதாகக் கரைத்தபின் துணியைப் போட்டு 20 நிமிடம் கிளறுங்கள். துணியை வெளியே எடுத்து, தனியே கரைத்த சோடாவைக் கலந்து, திரும்பப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். சாயத்தைப் பருத்தியோடு பிணைப்பது சோடாதான். சமையல் சோடா அந்த வேலையைச் செய்யாது. சோடா கலந்த சாயநீரை நாளைக்கு என்று எடுத்துவைக்கவும் முடியாது, வீரியம் போய்விடும்.

தண்ணீர் தெளியும்வரை அலசி, முடிச்சோடு நிழலில் உலர்த்துங்கள். கத்தரிக்கோல் வைத்தால் துணியில் ஓட்டை விழும். ஓரத்தைப் பிடித்து மூலைவாட்டில் சட்டென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். பிறகு கொதிநீரில் சோப்புப் போட்டு அலசி, மிச்சச் சாயத்தை எடுத்துவிடுங்கள்.

புள்ளி கலங்கியிருந்தால் சுற்று தளர்ந்திருக்கிறது. திட்டுத்திட்டாக இருந்தால் கிளறவில்லை, அல்லது உப்பைத் துணிமேல் கொட்டியிருக்கிறீர்கள். நடுத்துளி இல்லாத முழு வெள்ளைப் புள்ளி வேண்டுமானால் நுனியையும் நூலால் மூடிவிடுங்கள்.

இரண்டு நிறம் வேண்டுமானால் வெளிர் நிறம் முதலில். மஞ்சளில் முக்கி உலர்த்தி, பழைய முடிச்சுகளை அவிழ்க்காமல் இடையில் புது முடிச்சுகள் போட்டு, சிவப்பில் முக்குங்கள். முதல் முடிச்சுகள் வெள்ளையாகவும் இரண்டாவது முடிச்சுகள் மஞ்சளாகவும் சிவப்பின்மேல் நிற்கும். மஞ்சள்மேல் நீலம் போட்டால் தளம் பச்சையாகிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.